கொலையாளி இல்லாத கொலை

ஊருணியில் ஒருவன் நஞ்சைக் கலக்கிறான். நீர் அருந்திய நால்வர் மாள்கின்றனர். கலக்கியவனைத் தேடிப் பிடிக்கிறோம், கையில் விலங்கு பூட்டுகிறோம், கூண்டில் நிறுத்துகிறோம். கொலைகாரன் என்று ஊர் தூற்றுகிறது, குற்றவாளி என்று நீதிமன்றம் உரைக்கிறது. எளிய வழக்கு! ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அதே ஊருணியில் ஆயிரம் பேர், ஆளுக்கொரு சிட்டிகையாக, ஒரு சிட்டிகை எவரையும் கொன்றுவிடாது என்ற துணிவோடு, நாள்தோறும் நஞ்சைத் தூவிச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் அருந்தியவர் மாள்கின்றனர். இப்போது கொலைகாரன் யார்? ஆயிரவருமா? ஆயிரவரில் ஒருவருமில்லையா? பிணம் இருக்கிறது. நஞ்சு இருக்கிறது. கொலையாளி மட்டும் இல்லை!

இப்படியும் ஒரு கொலை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அன்பர்களே! ஊருணி என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காற்று என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வெளிக்காற்றின் மாசும் வீட்டடுப்பின் புகையும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேரின் வாழ்நாளை முன்கூட்டியே முடித்து வைக்கின்றன. இத்தனை சாவுக்கும் குற்றப் பத்திரிகை ஏது? கூண்டேறியவர் யார்?

நீர் கெட்டால் அடுத்த தெருக் கிணற்றுக்குப் போகலாம். சோறு கெட்டால் ஒரு வேளை பட்டினி கிடக்கலாம். காற்றை மறுக்க எவனால் முடியும்? ஐந்து நிமிடம் மறுத்தால் ஆளே இல்லை. தெரிந்தே நஞ்சை உள்வாங்கும்படி மனிதனைக் கட்டாயப்படுத்தும் பொருள் இவ்வுலகில் இது ஒன்றுதான். அதனாலேயே இதை வெறும் சுகாதாரச் செய்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இது அறத்தைப் பற்றிய கேள்வி.

போபால் நகரில் 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கே ஓர் ஆலை இருந்தது; ஆலைக்கு ஒரு வாயில் இருந்தது; வாயிலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. சினங்கொண்டவன் கைநீட்டிக் காட்ட ஓர் இடம் இருந்தது. அப்படி இருந்தும் நீதி எத்தனை ஆண்டு நொண்டி நடந்தது என்பதை நாடு அறியும். பெயர்ப்பலகையே இல்லாத புகைக்கு நீதி எங்கிருந்து நடந்து வரும்?

இலண்டன் மாநகரின் கதையைக் கேளுங்கள். 1952 டிசம்பர் 5ஆம் நாள். கடுங்குளிர். காற்று அசையவில்லை. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவிந்திருக்க, கீழே குளிர்காற்று அடைபட்டுக் கிடந்தது. இலட்சக்கணக்கான வீடுகள் குளிருக்கு அஞ்சி நிலக்கரியை எரித்தன. மின் நிலையங்களும் எரித்தன. எழுந்த புகை போக இடமின்றி மூடுபனியோடு முயங்கி, மஞ்சளும் கருமையுமாகத் தெருவில் படுத்துக்கொண்டது. ஐந்து நாள்! நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை என்றனர். பேருந்துகள் நின்றன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் இசைநாடகத்தைப் பாதியில் நிறுத்தினர். புகை உள்ளே புகுந்ததால் மேடை பார்வையாளருக்குத் தெரியவில்லை. வேளாண் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கொழுத்த மாடுகளில் சில மூச்சுத் திணறி மாண்டன. மாடு மாண்டது ஏடுகளில் உடனே செய்தியாயிற்று. மனிதர் மாண்டது? பெட்டி செய்வோரிடம் பிணப்பெட்டி தீர்ந்தபோதுதான், பூக்கடையில் மலர்வளையம் தீர்ந்தபோதுதான், ஊருக்கு உறைத்தது. அந்த நாட்களிலும் அடுத்த சில நாட்களிலும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 4000 பேர் கூடுதலாக மாண்டனர் என்று அன்றைக்குக் கணக்கிட்டனர். பின்னாளைய ஆய்வாளர்கள், அடுத்த இரண்டு மூன்று திங்கள்களின் சாவுகளையும் சேர்த்துப் பார்த்து, 12,000 வரை இருக்கக்கூடும் என்றனர்.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1953 தொடக்கத்திலும் சாவு எண்ணிக்கை இறங்கவில்லை. அரசு அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? "இன்ஃபுளுவென்சா" என்றார்கள். நச்சுக்காய்ச்சல் வந்தது, கிழவர்கள் மாண்டார்கள், புகைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். எவர் மீதும் பழி விழாத காரணம்! நம் ஊரில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு சொல் நெடுங்காலமாக இருக்கிறது: தலையெழுத்து. இருமி இருமிச் செத்தவனைப் பார்த்து, அவன் விதி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சுண்டல் கொறிக்கப் போகிறோம். அங்கே காய்ச்சல், இங்கே கருமவினை. படித்த நாட்டின் மூடநம்பிக்கை கோட்டும் சூட்டும் போட்டிருக்கும் என்பதைத் தவிர வேறு வேற்றுமை என்ன?

இன்னொன்றும் உண்டு. போருக்குப் பிந்திய பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. நல்ல நிலக்கரியைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு விற்றது. தூளும் துகளுமான மட்டக் கரியைத் தன் வீட்டு மக்களுக்குக் கொடுத்தது. குளிரில் நடுங்கும் ஏழைக் கிழவி அந்தக் கரியைத்தான் வாங்க முடியும், அதைத்தான் எரித்தாள். அவளது அடுப்பின் புகையும் அந்தக் கரும்படலத்தில் ஓர் இழை. அவளும் கொலையாளியா? கிழவிக்கும், கரியை எங்கே அனுப்புவது என்று மேசையில் அமர்ந்து முடிவெடுத்தவருக்கும் குற்றத்தில் சமபங்கா? இதற்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று.

புகை எப்படிக் கொல்கிறது? சுருங்கச் சொல்கிறேன். எரியும் பொருளிலிருந்து பிறக்கும் துகள்களில் மிக நுண்ணியவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிர் இவற்றைத் தடுக்காது, தொண்டைச் சளி இவற்றைப் பிடிக்காது. நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே புகையால் வருவது இருமல் மட்டும் என்று எண்ணுவது பிழை. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று, கருவிலுள்ள குழந்தையின் எடைக்குறைவு எல்லாம் இதன் கணக்கில் வருகின்றன. மாரடைப்பில் போனவன் வீட்டில் யாராவது காற்றைக் குறை கூறியதுண்டா?

உடலை விட்டுத் தள்ளுங்கள். அறிவை என்ன செய்கிறது என்பதுதான் ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் செய்தி. இஸ்ரேல் நாட்டில் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவர்களின் மதிப்பெண்களையும், தேர்வு நாளன்று அந்தந்த ஊரில் இருந்த காற்றின் அளவீட்டையும் ஒப்பிட்டு எபன்ஸ்டைன், லாவி, ராத் என்ற மூன்று பொருளியலார் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரே மாணவன்; வெவ்வேறு நாள்; வெவ்வேறு பாடத் தேர்வு. நுண்துகள் மிகுந்த நாளில் அவன் மதிப்பெண் சரிந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தச் சரிவு கூடுதலாகத் தெரிந்தது. அது மட்டுமா? தேர்வு நாளின் காற்று, பல ஆண்டு கழித்து அவன் வாங்கிய சம்பளத்திலும் தன் தடத்தைப் பதித்திருந்தது! சீனத்தில் பல்லாயிரம் பேரிடம் 2010இலும் 2014இலும் சொல் தேர்வும் கணக்குத் தேர்வும் வைத்துப் பார்த்த ஆய்வும் இதே திசையில் பேசுகிறது: மாசு நிறைந்த காற்றை நெடுநாள் உண்டவர் மதிப்பெண் தாழ்ந்தது. முதியோரிடம், அதிலும் படிப்புக் குறைந்த ஆடவரிடம், மொழித்திறன் மிகுதியாகக் குன்றியது. ஜெர்மனியில் சதுரங்கம் ஆடுவோரை ஆராய்ந்தார்கள். அரங்கின் காற்றில் துகள் கூடக் கூட ஆட்டக்காரர் தவறான காய்நகர்த்தல்களைக் கூடுதலாகச் செய்தனர்.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதை இதைவிடக் கொடிது. எஞ்சின் முட்டாமல் ஓட வேண்டும் என்பதற்காக 1920களில் தொடங்கிய அந்தப் பழக்கம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று தெரிந்த பின்னும் நீடித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் முற்றும் ஒழிந்தது. அல்ஜீரியா 2021இல் கைவிட்டபோதுதான் உலகச் சாலைகள் அதிலிருந்து விடுபட்டன. மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் அறிவில் ஒரு சிறு பங்கை வண்டிகள் குடித்துவிட்டுப் போயின. திருப்பிக் கேட்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இப்போது "தகுதி, திறமை" என்று மேடைதோறும் முழங்குவோரை நோக்கி ஒன்று கேட்கிறேன். தேர்வுத்தாளில் இருப்பது மாணவனின் மூளை மட்டும் என்று நினைத்தீர்களா? அவன் முந்திய இரவு மூச்சிழுத்த காற்றும் அதில் விடை எழுதியிருக்கிறது. குளிரூட்டிய அறையில் வடிகட்டிய காற்றை மூச்சிழுத்துப் படித்தவனையும், நெடுஞ்சாலையோரக் குடிசையில் லாரிப் புகையை விழுங்கிப் படித்தவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். தட்டு தாழ்ந்தவனை மக்கு என்கிறோம். அந்தச் சொல்லை வகுப்பறையில் நானே பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மூளையை மழுக்கியது யார் என்று எவரும் கேட்டதில்லை.

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?" என்று ஒரு பழமொழி வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? அடுப்பூதுவது அவளுக்குப் பிறவிக் கடமை, படிப்பு அவளுக்கு வேண்டாத ஆடம்பரம் என்பது அதன் பொருள். ஊதியபோது அவள் உள்ளிழுத்தது என்ன என்று ஆராய இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை எவருக்கும் தோன்றவில்லை. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் 1980களின் தொடக்கத்தில் குசராத்துச் சிற்றூர்களின் அடுக்களைக்குள் கருவியோடு நுழைந்தார். பின்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் சமையலறைகளைச் சென்னையின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் அளந்தனர். விறகும் வறட்டியும் எரியும் அடுக்களைப் புகை, ஆலைத்தெருப் புகையைத் தோற்கடித்தது! நூற்றாண்டுகளாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் நின்றாளே, அவளைப் பார்த்துக் குடும்ப விளக்கு என்றோம். விளக்கு புகைந்ததை யார் கவனித்தார்? சமைத்தவள் ஒருத்தி, உண்டவர் எண்மர். மூச்சு மட்டும் அவளுடையது. இங்கே ஆயிரம் பேர் தூவிய சிட்டிகைகூட இல்லை. ஒரு வீடு, ஓர் அடுப்பு, ஒரு வழக்கம். வழக்கம் கொன்றால் அது கொலை ஆகாது என்பது நாம் எழுதி வைத்த சட்டம்.

"எல்லாம் சரி, தம்பி! ஆலை ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் மூச்சு இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். இது சிரித்துத் தள்ளத் தக்க கேள்வியன்று. கூலிக்காரனுக்கு வேலை வேண்டும். அதை மறந்து தூய காற்றைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை இருந்தது. தொழிலாளர்க்கும் நிருவாகத்துக்கும் எழுந்த பூசலில் 1986 ஆகஸ்ட்டில் அது மூடப்பட்டது; 1987 செப்டம்பரில் புதிய முதலாளியின் கையில் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட 13 திங்கள் புகைபோக்கி ஓய்ந்திருந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்த வட்டாரத்து மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை மூடிய குளிர்காலத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு! எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு ஊதியம் வந்தபோது பிள்ளைக்கு மூச்சு முட்டியது. தந்தைக்கு ஊதியம் நின்றபோது பிள்ளை நன்றாக மூச்சுவிட்டது. எந்தத் தகப்பனை எந்தப் பக்கம் நிற்கச் சொல்வது?

நான் சொல்வேன்: அந்தத் தராசையே உடைக்க வேண்டும். ஊதியமா, மூச்சா என்று தகப்பனைக் கேட்பவன் யாரோ, அவன்தான் வடிகட்டி பொருத்தும் செலவை மிச்சம் பிடித்தவன். வடிகட்டினால் ஆலை படுத்துவிடும் என்பது உண்மையானால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். உண்மை அப்படி இல்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் 1990இல் செய்த திருத்தங்களை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் கணக்கிட்டபோது, செலவு ஒரு பங்கென்றால் பயன் ஏறத்தாழ 30 பங்கு என்று கண்டது. உலக வங்கியோ, 2019ஆம் ஆண்டில் நுண்துகளால் விளைந்த உடல்நலக் கேட்டின் விலை உலக வருவாயில் 6.1 விழுக்காடு என்றது. இந்தியாவுக்கு அதே ஆண்டில், 16.7 இலட்சம் சாவுகளும் நாட்டு வருவாயில் 1.36 விழுக்காட்டு இழப்பும் என்று லான்செட் இதழில் அறிஞர்கள் எழுதினர். கலிபோர்னியாவில் பழம் பறிக்கும் கூலிகளைக்கூட விடவில்லை: காற்று கெட்ட நாளில் அவர்களின் கூடை மெல்லத்தான் நிறைந்தது. புகையைப் பொருளாதாரம் என்று யார் சொன்னது? புகை பொருளாதாரத்தின் கடன்சீட்டு. வாங்கியவன் ஒருவன், வட்டி கட்டுபவன் வேறொருவன்.

நாட்டின் வருவாயைக் கணக்கிடும் முறையைப் பாருங்கள். ஆலை உருக்கிய இரும்பு வரவு. அதன் புகையால் இளைப்பு வந்தவன் வாங்கிய மருந்தும் வரவு. பணக்காரன் வாங்கிய காற்று வடிகட்டியும் வரவு. இளைத்தவன் இழந்த நாளுக்கு மட்டும் பத்தி இல்லை!

எண்ணூரை அறிவீர்கள். கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். 1970இல் அங்கே தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது; ஆனால் அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. ஆற்றில் சாம்பல் படிந்தது. மீனும் இறாலும் குறைந்தன என்று வலைஞர் முறையிட்டனர். விளக்கு எரிவது மாநகரெங்கும். சாம்பல் விழுவது குப்பத்தில். மின்விசிறியின் கீழ் அமர்ந்து இதை எழுதும் எனக்கும் அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சிட்டிகையைக் காட்டியே, "நீயும்தானே" என்று என் வாயை அடைக்கப் பார்த்தால் நான் அடங்கேன். நிலையத்தை எங்கே வைப்பது, கந்தகத்தை வடிகட்டுவதா வேண்டாமா, சாம்பலை எங்கே கொட்டுவது என்று என்னை எவரும் கேட்கவில்லை, குப்பத்தாரையும் கேட்கவில்லை.

ஆக, பங்கைப் பிரிக்கும் அளவுகோல் இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று, தெரிந்திருந்ததா? மற்றொன்று, வேறு வழி கையில் இருந்ததா? இலண்டன் கிழவிக்கு இரண்டும் இல்லை. அடுப்பூதிய நம் பாட்டிக்கும் இல்லை. கரியை ஏற்றுமதி செய்தவருக்கு வேறு வழி இருந்தது. சாவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஃபுளுவென்சா என்று எழுதியவருக்கு இரண்டும் இருந்தன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு இலண்டன் வீடுகள் மெல்ல மெல்லக் கரும்புகையிலிருந்து விடுபட்டன. முடியாது என்று சொன்ன காரியம் முடிந்தது. அப்படியானால் முடியாது என்று சொன்ன காலத்துச் சாவுகள் யார் கணக்கில்?

அதே இலண்டனில், அறுபது ஆண்டு கழித்து, ஒரு சிறுமி. பெயர் எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா. எல்லா! நம் மொழியில் அந்தப் பெயரின் பொருளை நினைத்து ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்தேன். வண்டிகள் ஓயாத தென்வட்டச் சாலையிலிருந்து 30 மீட்டருக்குள் அவள் வீடு. கொடிய இளைப்பு நோய். மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ 30 முறை மருத்துவமனை. 2013 பிப்ரவரி 15ஆம் நாள், ஒன்பது வயதில் மாண்டாள். 2014இல் நடந்த சாவு விசாரணை, மூச்சு நின்றதால் மாண்டாள் என்று எழுதிக் கோப்பை மூடியது. மூச்சு நிற்காமல் சாவோர் உண்டா!

தாய் ரோசமண்ட் ஓர் ஆசிரியை. அவர் மூடிய கோப்பைத் திறக்கச் சொன்னார். ஸ்டீபன் ஹோல்கேட் என்ற மருத்துவப் பேராசிரியர், சிறுமி மருத்துவமனைக்கு ஓடிய நாட்களையும் வீட்டருகே இருந்த அளவுக்கருவியின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்து 2018இல் அறிக்கை தந்தார். காற்று கெட்டபோதெல்லாம் சிறுமி வீழ்ந்திருந்தாள். உயர்நீதிமன்றம் பழைய முடிவை 2019இல் தள்ளியது. புதிதாக விசாரித்த பிலிப் பார்லோ, 2020 டிசம்பரில், அவள் சாவுக்கான காரணங்களுள் ஒன்றாகக் காற்று மாசு என்ற இரு சொற்களை எழுதினார். பிரிட்டனில் எந்த மனிதரின் சாவுக்கும் அதற்குமுன் அப்படி எழுதப்பட்டதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவர அரசு தவறியதையும், தாய்க்கு எவரும் தகவல் தராததையும் சேர்த்தே எழுதினார். தெரிந்திருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்றார் தாய். தெரிந்திருந்தவர் வேறு யாரோ. வழி வைத்திருந்தவரும் வேறு யாரோ.

2021 ஏப்ரலில் அதே பார்லோ அரசுக்கு எழுதினார்: நுண்துகளில் இவ்வளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை, சட்ட வரம்பை உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுக்கு இறக்க வேண்டும். அந்த நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் தன் ஆண்டு அளவைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இந்திய அரசு 2009இல் எழுதிய வரம்பு 40. அந்த 40 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மேசையில், ஒரு கோப்பில், பெயர் தாங்கிய ஒரு வாரியத்தின் முத்திரையோடு எழுதப்பட்டது.